அனுப்புவாராக

சாமியார் வண்டி இல்லை, பால்காரர் வண்டி. சாமியார் வண்டிக்கு சைலன்சர் ஓட்டை, தெருமுனை திரும்பும்போதே இரும ஆரம்பித்துவிடும், இது இருமவில்லை. அப்படியென்றால் இன்னும் நேரம் இருக்கிறது, மேசையை இன்னொரு தடவை துடைக்கலாம், துடைத்ததையேதான் துடைக்கிறேன் என்று தெரிகிறது, இருந்தாலும் துடைக்கிறேன். வெள்ளைத் துணி விரித்தாயிற்று. அதன்மேல் சிலுவையில் தொங்குகிற பாடுபட்ட சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி, வேளாங்கண்ணித் தீர்த்தம் ஒரு பாட்டில், கிண்ணத்தில் பஞ்சு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எட்டு வயதில் ஒரே ஒரு தடவை பார்த்தது, எங்கள் வீட்டில், அப்பாவின் தலைமாட்டில். பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு செய்யுள்கூட ஞாபகமில்லை, இந்த மேசை மட்டும் கிண்ணத்தின் நெளிந்த விளிம்பு வரைக்கும் ஞாபகமிருக்கிறது. சுரூபத்தை நேராக வைக்கிறேன். கொஞ்சம் இடது பக்கம். இல்லை, முதலில் இருந்ததுதான் சரி. உள் அறையில் என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்து முகம் வழித்துக்கொண்டிருக்கிறார். கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, கண்ணாடியை இப்படியும் அப்படியும் சாய்த்து, பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் செய்கிற அதே நிதானத்தோடு. வயிற்றுக்குள் கட்டியை வைத்துக்கொண்டிருக்கிற மனிதருக்குக் கை நடுங்கவில்லை. ஒரு நோவும் இல்லாத நான் தீப்பெட்டியை எங்கே வைத்தேன் என்று வீடு முழுக்கத் தேடிவிட்டுக் கடைசியில் இடுப்பிலிருந்து எடுக்கிறேன். கட்டி இருப்பது அவர் வயிற்றில், புளி கரைவது என் வயிற்றில். கல்யாணம் ஆன நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதுதான் பாகப்பிரிவினை, காரியம் அவருடையது, கவலை என்னுடையது.

ஞாயிற்றுக்கிழமை கஞ்சி குடித்துவிட்டுச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி சாமியாரை வரச் சொல்லு தெக்லா. எண்ணெய் பூசிட்டுப் போயிரலாம்." டீசல் போட்டுவிட்டுப் போகலாம் என்கிற மாதிரி. டவுன் பஸ் ஓட்டுகிறவர் வேறு எப்படிப் பேசுவார். ஆனால் கேட்டது யார்? பெலவேந்திரன். பிரசங்கம் ஆரம்பித்ததும் கோயிலுக்கு வெளியே போய்ப் புளியமரத்தடியில் நின்று ஊர்க்கதை பேசுகிற ஆள், உள்ளே வந்தாலும் கடைசித் தூண் தன்னைத் தாங்குவதற்கென்றே கட்டியது என்று சாய்ந்துகொள்கிற ஆள். அந்த ஆள் பூசுதல் கேட்டால் என்ன அர்த்தம்? டாக்டர் எனக்குச் சொல்லாத எதையோ அவருக்குச் சொல்லியிருக்கிறார் என்று அர்த்தம். இல்லாவிட்டால் உடம்பே சொல்லியிருக்கும். டாக்டர் எங்கள் இரண்டு பேரிடமும் சொன்னது, திறந்து பார்த்தால்தான் தெரியும். அறையை விட்டு வெளியே வந்ததும் இவர் சிரித்தார், திண்டுக்கல்காரனையே பூட்டாக்கிவிட்டாரே என்றார். நான் சிரிக்கவில்லை. திறந்து பார்த்தால். பார்த்துவிட்டு? ஒன்றும் செய்வதற்கில்லை என்று அப்படியே மூடித் தைத்து அனுப்பிய கதையெல்லாம் நான் கேட்டதில்லையா. சாமியார் மதுரைக்குத் தியானத்துக்குப் போயிருக்கிறார், வர வியாழன் ஆகும் என்று ஒரு பொய்யைச் சொல்லிவைத்தேன். வியாழக்கிழமைதான் ஆபரேஷன். அன்று சாயங்காலமே சைலன்சர் ஓட்டை வண்டி எங்கள் ஜன்னலுக்கு நேராக இருமிக்கொண்டு போனது. அவர் என்னைப் பார்த்தார், கோபப்படவில்லை, மதுரை ரொம்பக் கிட்ட வந்துவிட்டது போல என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் என்ன செய்வது. இன்று காலையில் கோயில் வேலை பார்க்கிற கோயில்பிள்ளை சந்தியாகுவிடம் போய், பூசுதலுக்குச் சாமியை வரச் சொல்லுங்கள் என்றேன். முற்றம் கூட்டிக்கொண்டிருந்த சந்தியாகு கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். அந்தச் சிலுவை இப்போதும் என் கண்ணிலேயே நிற்கிறது.

பூசுதல் என்று பாதியைத்தான் சொன்னேன், முழுப்பேர் என் வாயில் வராது. சின்னதில் ஞானோபதேச வகுப்பில் ராகம் போட்டுக் கத்துவோம், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பச்சாத்தாபம், அவஸ்தைபூசுதல், குருத்துவம், மெய்விவாகம். அவஸ்தை வருகிற இடத்தில் நான் மட்டும் உதட்டை அசைத்துவிட்டுச் சத்தத்தை விழுங்கிவிடுவேன். இப்போது பேரை மாற்றிவிட்டார்கள், நோயில்பூசுதல் என்கிறார்கள், சாகக் கிடக்கிறவனுக்கு மட்டுமில்லை, உடம்புக்கு முடியாத யாரும் வாங்கலாம் என்று பிரசங்கத்தில் சொன்னார்கள். சொல்லட்டும். எங்கள் தெருவில் எண்ணெய் வாங்கியாச்சா என்று கேட்டால், பெட்டி சொல்லியாச்சா என்று அர்த்தம். அப்பாவுக்கு மஞ்சள் காமாலை. அன்று காலையில்கூட மோர் கேட்டார், உப்பு கூடிப்போச்சு என்று அம்மாவைக் கோபித்துக்கொண்டார், உப்பு கூடியது தெரிகிற மனிதர் எப்படிச் சாவார் என்று நான் தைரியமாக இருந்தேன். பிறகு சாமியார் சைக்கிளில் வந்தார். வீடு நிறைய ஜனம், உயிர் இருக்கும்போதே ஒப்பாரி, சேலைகளுக்கும் கால்களுக்கும் நடுவில் நான் சிக்கி நின்றேன். சாமியாரின் அங்கி ஓரத்தில் அப்பியிருந்த செம்மண்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவின் கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டே அவர் ஆண்டவரிடம் கேட்டது அந்த அழுகைக்கு நடுவில் என் காதில் விழுந்தது. அனுப்புவாராக. அனுப்புவாராக என்றார். மெழுகுவர்த்தி பாதி எரிவதற்குள் அப்பா போய்விட்டார். கேட்டார்கள், அனுப்பிவிட்டார். சாவு வீடு அடங்கிய பிறகு அம்மாவிடம் கேட்டேன், சாமியார் ஏன் அப்பாவை அனுப்பச் சொன்னார் என்று. "மோட்சத்துக்குத்தான்டி அனுப்பச் சொன்னாரு, நல்ல எடம்" என்றாள் அம்மா. நல்ல இடமோ கெட்ட இடமோ, வீட்டு ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? அன்றைக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அதற்குப் பிறகு யார் வீட்டில் பூசுதல் என்றாலும் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன், அம்மாவுக்குப் பூசும்போதுகூடப் பால் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், எனக்கு எண்ணெய்.

சத்தம். இல்லை, எதிர் வீட்டில் மாவு ஆட்டுகிறார்கள். கதவைத் தாழ்போட்டால் என்ன? ஆள் இல்லை என்று நினைத்துச் சாமியார் திரும்பிப் போய்விடுவார். வாசலில் இவருடைய செருப்பு கிடக்கிறது, அதை உள்ளே எடுத்துவைக்க வேண்டும். எடுத்தேவிட்டேன், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடுவீட்டில் நிற்கிறேன், பைத்தியக்காரி, செருப்பை ஒளித்துவைத்தால் கட்டி கரைந்துவிடுமா. மறுபடி வாசலில் கொண்டுபோய்ப் போடுகிறேன். யாரிடமும் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. ஒரு வாரமாக, அவர் கண் அசந்து கிடக்கும்போதெல்லாம் நான் அவரை அடக்கம் செய்துகொண்டிருக்கிறேன். எந்தப் படத்தைப் பெரிதாக்குவது, டிப்போவில் சால்வை போட்டபோது எடுத்ததா, மகள் ஜெசிந்தா கல்யாணத்தில் எடுத்ததா. பெட்டி இந்த வாசலில் திரும்புமா, கதவைக் கழற்ற வேண்டுமா. கோயம்புத்தூரிலிருந்து ஜெசிந்தா வந்துசேர எவ்வளவு நேரம் ஆகும், அதுவரை ஐஸ் பெட்டிக்கு யாரிடம் சொல்வது. வாய் வேண்டாம் வேண்டாம் என்று செபிக்கிறது, மனசு அதுபாட்டுக்குப் பந்தல் போடுகிறது. இந்த மனசை வைத்துக்கொண்டு என்ன செபம். செபமாலையை எடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை, துக்க தேவ ரகசியம். முதல் ரகசியம், பூங்காவனத்தில் ஆண்டவருக்கு இரத்த வியர்வை வியர்த்தது. அதைத் தாண்டி விரல் போகமாட்டேன் என்கிறது, பத்து மணியும் உருட்டி முடித்ததும் திரும்ப முதல் ரகசியத்துக்கே வந்துவிடுகிறேன். எத்தனை வருஷமாகச் சொல்கிறேன், நின்று பார்த்ததில்லை. கசையடி, முள்முடி, சிலுவை, அதெல்லாம் மற்றவர்கள் செய்தது. இந்த வியர்வைக்கு யாரும் கை வைக்கவில்லை. ஒருத்தரும் தொடுவதற்கு முன்னாலேயே, வரப்போவதை நினைத்தே வியர்த்திருக்கிறார். பயந்திருக்கிறார். முழங்காலில் நின்று, இது எனக்கு வேண்டாமே என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறார், கூட்டிக்கொண்டு போன ஆட்கள் நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். பயப்படுகிறவளுக்கு விசுவாசம் இல்லை என்று எங்கள் தெரு ரெஜினா அக்கா அடிக்கடி சொல்வாள், வீடு வீடாகப் போய்ச் செபம் சொல்கிற மரியாயின் சேனைக்கு அவள்தான் தலைவி, சொல்ல உரிமை இருக்கிறது. அப்படியானால் பூங்காவனத்தில் வியர்த்தவரை என்ன சொல்வாள்? இதை நினைத்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. கொஞ்சம்தான், அதற்குள் வாசலில் நிழல் தட்டுகிறது.

சாமியார் இல்லை. ரெஜினா அக்காவேதான், பின்னால் சேனைப் பெண்கள் நாலைந்து பேர், எல்லாரும் முக்காடு போட்டு, கையில் செபப்புத்தகத்தோடு. சந்தியாகு துடைப்பத்தைக் கீழே போட்ட பலன். ரெஜினா அக்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மூச்சு இருக்கா?" என்றாள். உள்ளே ரேஸரை மக்கில் தட்டுகிற சத்தம் கேட்கிறது. முகம் வழித்துக்கொண்டிருக்கிறார் என்றேன். யார் காதிலும் அது ஏறவில்லை, துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறாள் என்று நினைத்திருக்க வேண்டும், ஒருத்தி என் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மற்றவர்கள் முழங்காலில் நின்று நல்ல மரணத்துக்கான மன்றாட்டைத் தொடங்கிவிட்டார்கள். கண் இருளுகிற நேரம், காது அடைக்கிற நேரம், நாக்கு குழறுகிற நேரம் என்று ஒவ்வொரு உறுப்பாக எடுத்துக்கொடுக்க, எனக்குக் கண் இருண்டது, காது அடைத்தது, நாக்கு ஏற்கெனவே வரவில்லை. என் மனசு போட்டுவைத்த பந்தலுக்குள் ஜனம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆள் ஒருவர்தான் பாக்கி. ஆளும் வந்தார். ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, தோளில் துண்டு, அறை வாசலில் நின்று எல்லாரையும் பார்த்தார். செபம் ஒவ்வொரு வாயாக நின்றது. "யாருக்குக்கா?" என்றார். ரெஜினா அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், சுவரைப் பார்த்தாள், சுரூபத்தைப் பார்த்தாள், பிறகு வேறு வழியில்லாமல், "ஒங்களுக்குத்தான் தம்பி" என்றாள். "அப்ப செத்த இருங்க, இந்தக் கன்னத்தையும் வழிச்சிட்டு வந்துர்றேன்." பின்னால் இருந்த ஒருத்திக்குச் சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டாள். எனக்கு வரவில்லை. முக்கால்வாசி ஊர் அவரை அனுப்பிவிட்டது, இனி எண்ணெய்தான் பாக்கி என்று இருந்தது.

அந்தக் களேபரத்தில் சைலன்சர் இருமியது என் காதில் விழவே இல்லை. சாமியார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நிற்கிறார். ஜெசிந்தா வயதுதான் இருக்கும், ஹெல்மெட் போட்டதில் முடி கலைந்திருக்கிறது. தோத்திரம் சாமி என்று எல்லாரும் ஒதுங்கினார்கள். தோளில் வெள்ளைப் பட்டையைப் போட்டுக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து சிமிழை எடுத்தார், சுண்டுவிரல் அளவுக்கு ஒரு சிமிழ். இவ்வளவுதானா. இதற்குப் பயந்தா இத்தனை வருஷம். இவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், முகம் சுத்தமாக, அப்பாவின் முகத்தில் அன்று இருந்த மஞ்சள் இல்லை, இல்லை, கண்ணோரம் லேசாக இருக்கிறதோ, மெழுகுவர்த்தி வெளிச்சமோ. இங்கே நிற்கக் கூடாது. பால் பொங்கிவிடும் என்று யாருக்கோ சொல்வதுபோல முனகிக்கொண்டு அடுப்படிப் பக்கம் திரும்பினேன். "அடுப்புல ஒண்ணும் இல்ல, தெக்லா. இங்கயே நில்லு." எல்லார் முன்னாலும் சொன்னார். அதட்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை, இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத ஒரு குரல். அவருக்கும் பயம். அடப் பாவி மனுஷா, உங்களுக்கும் பயமா. டீசல் பேச்சும் பூட்டுப் பேச்சும் இந்த முகம் வழித்ததும் எல்லாம் அதுதானா. நான் ஒருத்திதான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவரைத் தனியாக விட்டிருக்கிறேன். பூங்காவனத்தில் கூட இருக்க வேண்டிய நேரத்தில் தூங்கிப்போனவர்களைக் கொஞ்சம் முன்னால்தான் மனசுக்குள் குறை சொன்னேன். நின்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாமியார் நெற்றியில் பூசினார். பிறகு கைகளைக் காட்டச் சொன்னார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள் இரண்டும் மேல்பார்த்து விரிந்தன. யாரிடமும் எதையும் இப்படி விரித்த கையோடு அவர் வாங்கி நான் பார்த்ததில்லை. இப்போது வரும், அந்தச் சொல் இப்போது வரும். காதைப் பொத்திக்கொள்ள முடியாது, எல்லாரும் பார்க்கிறார்கள். ரெஜினா அக்கா வெட்கத்தில் வாயே திறக்கவில்லை, அவள் தொடங்காததால் மற்றவர்களும் அழவில்லை, வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது. சாமியார் உள்ளங்கையில் சிலுவை போட்டார். எழுப்புவாராக என்றார்.

"சாமி, என்ன சொன்னீங்க?" என் குரல்தான். பூசுதலுக்கு நடுவில் யாராவது குறுக்கே பேசுவார்களா. சாமியார் நிமிர்ந்து பார்த்து, எழுப்புவாராக என்று சொன்னேன் அம்மா என்றார். அனுப்புவாராக இல்லையா என்றேன். அவருக்குப் புரியவில்லை. "எங்க அனுப்புறதும்மா?" என்று கேட்டார், கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். இன்னொரு தடவை சொல்லுங்கள் சாமி என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். பிறகு இவருடைய மற்ற கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, பாதி எனக்கும் பாதி ஆண்டவருக்குமாகச் சொன்னார். எழுப்புவாராக. ஒப்பாரிக்கு நடுவில் ஒரு பிள்ளையின் காதில் எழு என்பது அனு என்று விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அம்மா அழுதுகொண்டிருந்தாள், அவள் காதில் எதுவுமே விழுந்திருக்காது, நான் கேட்டதற்குத் தோன்றியதைச் சொல்லியிருக்கிறாள். அந்தச் சைக்கிள் சாமியாரை மனசுக்குள் எவ்வளவு வைதிருப்பேன், அவர் எங்கள் கட்சியில்தான் இருந்திருக்கிறார். அப்பாவை எழுப்பிக் கொடு என்றுதான் அந்தச் செம்மண் அங்கியோடு நின்று மன்றாடியிருக்கிறார். மன்றாடி என்ன, அப்பா எழவில்லையே. பயம் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காது, நேராக அங்கே போய் நின்றுகொண்டது. அவருக்கும் கேட்டார்கள், எழவில்லை. இவருக்கும் கேட்கிறார்கள். அப்பா எழவில்லை. இன்னும் எழவில்லை. இந்த இன்னும் எங்கிருந்து வந்தது? நான் போடவில்லை, தானாக வந்து சேர்ந்துகொண்டது. சரீர உத்தானத்தை, செத்தவர்கள் உடம்போடு எழுவதை, விசுவசிக்கிறேன் என்று தினமும் ராத்திரி கொட்டாவியோடு சொல்கிறேன், சொல்வதை யார் யோசிக்கிறார்கள். அப்பாவுக்குக் கேட்டது வீணாகவில்லை, முடியவும் இல்லை, கேட்டபடியே நிற்கிறது, இவருக்குக் கேட்டதும் அதே வரிசையில் போய் நின்றுவிட்டது. ஒன்றும் மாறவில்லை. கட்டி இருக்கிறது, பயம் இருக்கிறது, திறந்து பார்த்தால்தான் தெரியும். ஆனால் அன்று அப்பாவின் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள், சாமியார், ஜனம், பூங்காவனத்தில் வியர்த்தவர், எல்லாரும் அப்பாவை எங்கள் பக்கம்தான் இழுத்திருக்கிறார்கள். வெளியே தள்ளிவிட்டவர் யாரும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெஜினா அக்காவும் கூடவே அழுதாள், அவளுக்குக் காரணம் தேவையில்லை.

எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்கள், ரெஜினா அக்கா போகும்போது இவரிடம் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள், இவர் ஒத்திகை நல்லா இருந்ததுக்கா என்றார். இருட்டுவதற்குள் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வந்துவிடும். பையெல்லாம் நேற்றே கட்டிவிட்டேன் என்று ஜெசிந்தாவிடம் போனில் சொல்லியிருந்தேன், எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று பையைத் திறந்து தரையில் உட்கார்ந்தேன். லுங்கி இரண்டு, துண்டுகள், பிளாஸ்க், டம்ளர், பழைய போர்வை, எனக்குச் சேலை. பார்த்துக்கொண்டே இருந்தேன். திரும்பி வருகிற மனிதன் போட்டுக்கொள்ள அதில் ஒரு சட்டைகூட இல்லை. நானே மடித்து நானே அடுக்கிய பை. எனக்குத் தெரியாமல் என் கை அப்படி அடுக்கியிருக்கிறது. எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன், தேய்த்து வைத்திருந்த வெளிர்நீலச் சட்டையையும் கறுப்புப் பேண்ட்டையும் எடுத்தேன். துண்டுகளுக்கு மேலே மடிப்புக் கலையாமல் வைத்தேன். அவர் நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணெய் காயட்டும் என்று கைகளை இன்னும் மடியில் விரித்தே வைத்திருந்தார்.

"அது எதுக்கு? அங்க பச்சைத் துணிதான குடுப்பாங்க."

"வரும்போதும் அதையே போட்டுக்கிட்டு வருவீங்களா?" என்றேன். எப்போதும் பேசுகிற அதே சிடுசிடுப்பு, தானாக வந்துவிட்டது.

அவர் சட்டையைப் பார்த்தார், பேண்ட்டைப் பார்த்தார்.

"பெல்ட்டையும் வையி. எளைச்சிருப்பேன்."